குல்நார் வீட்டு முளைத்தட்டு

வருடம் பிறக்கிற நொடியில் ஒருவர் எப்படி இருக்கிறாரோ, அந்த வருடம் முழுக்க அப்படித்தான் இருப்பார். குல்நார் பிறந்த பாரசீகத்தில் இப்படி ஒரு நம்பிக்கை. சிரித்துக்கொண்டிருந்தால் வருடம் பூராவும் சிரிப்பு. சண்டை போட்டுக்கொண்டிருந்தால் வருடம் பூராவும் சண்டை. அழுதால் கேட்கவே வேண்டாம். அந்த நேரம் நெருங்கும்போது மாமியாரும் மருமகளும்கூட வாயை மூடிக்கொண்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்திருப்பார்களாம். தனியாக மட்டும் யாரையும் விடமாட்டார்கள். நாதியற்ற கிழவனைக்கூட யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் வீட்டு விரிப்பில் உட்கார வைத்துவிடுவார்கள்.

குல்நாரை இழுத்துக்கொண்டு போக வில்லாபுரத்தில் யார் இருக்கிறார்கள்? புருஷன் போன நாளிலிருந்து ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் அவள் தனியாகத்தான் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வருடமும் தனியாகத்தான் கழிந்தது. அதெல்லாம் சும்மா என்று தள்ளிவிடலாம் என்றால், பாழாய்ப்போன நம்பிக்கை வருடம் தவறாமல் பலித்துக்கொண்டே வந்தது.

புருஷன் பேர் சிக்கந்தர் ராவுத்தர். கோரிப்பாளையத்துக்காரர். கப்பலேறிப் போய்ப் பாரசீகத்து அபாதானில் மண்ணெண்ணெய் காய்ச்சுகிற பெரிய ஆலையில் பிட்டர் வேலை பார்த்தவர். குல்நாரின் தகப்பன் கோவேறு கழுதைகளில் மலைப்பாதை வழியாகச் சரக்கு ஏற்றிப் பிழைத்தவர். மோட்டார் லாரி வந்து கழுதைகளுக்கு வேலை இல்லாமல் போகவும், மகளைக் கூட்டிக்கொண்டு அதே ஆலைக்கு மூட்டை தூக்க வந்தார். ராவுத்தர் பெண் கேட்டபோது மாப்பிள்ளையின் பேரைக் கேட்டதுமே அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“சிக்கந்தர் என்று ஒருத்தன் முன்னொரு காலத்தில் யவனப் படையோடு வந்தான். எங்கள் ராசாவின் அரண்மனையைக் கொளுத்திவிட்டுப் போனான். தூண்கள் இன்றைக்கும் மொட்டையாக நிற்கின்றன. நீ எதைக் கொளுத்த வந்திருக்கிறாய்?”

“எனக்கு அடுப்பு மூட்டவே தெரியாது மாமா. அதற்குத்தான் உங்கள் மகளைக் கேட்கிறேன்” என்றாராம் ராவுத்தர்.

இரண்டாயிரம் வருடத்துக் கோபம் அந்த ஒரு சொல்லில் தணிந்துபோனது. கலியாணம் நடந்தது. தகப்பன் மண்ணுக்குப் போனதும் ராவுத்தர் அவளைக் கூட்டிக்கொண்டு மதுரை வந்து சேர்ந்தார். வந்த மறு வருடமே பேதி கண்டு அவரும் போய்விட்டார். பிள்ளையும் இல்லை. கோரிப்பாளையத்து மச்சினன்மார்களைக் குற்றம் சொல்லக்கூடாது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் வீட்டில் குழந்தைகள் பெருகப் பெருக அவளுக்கு இருந்த மூலை சுருங்கிக்கொண்டே வந்தது. ராவுத்தரின் கூட்டாளி ஒருவருக்கு வில்லாபுரம் கண்மாய்க் கரையில் ஒரு சின்ன ஓட்டு வீடு சும்மா கிடந்தது. அங்கே வந்துவிட்டாள். இலவம் பஞ்சு வாங்கித் தலையணை தைத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள்.

அந்த வீடும் அவளைப் போலத்தான். வடக்கே நிலம் வைத்திருக்கிற சம்சாரிகளின் தெரு. தெற்கே காடு கழனியில் கூலி வேலை செய்கிற சனங்களின் குடிசைகள். இரண்டிலும் சேராமல் நடுவில் ஒற்றையாக நின்றது. ஊரார் அவளை அரபிக்காரி என்றார்கள். அரபி வேறு, பாரசீகம் வேறு என்று முதலில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். வில்லாபுரத்துக்காரனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது எல்லாம் ஒரே ஊர்தான். பிறகு விட்டுவிட்டாள்.

தமிழ் அவளுக்குப் பஞ்சு வாங்கவும் நலம் விசாரிக்கவும் போதுமான அளவு வந்தது. சொந்தப் பாஷையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ராவுத்தர் இருந்தவரை இரவு படுத்தபடி அவள் ஊர்க் கதை சொல்லுவாள். நர்கிஸ் பூ காடாகப் பூத்துக் கிடக்கும் தரை, பனி உருகி ஓடும் வாய்க்கால், வழி மறந்துபோன கழுதை. அவர் கண்ணை மூடிக்கொண்டு “ம்” கொட்டுவார். ஆலைத் தளத்தில் கற்ற அவருடைய பாரசீகம் திருப்புளியையும் சுத்தியலையும் தாண்டாது. “புரிந்ததா?” என்று கேட்பாள். “இல்லை. நீ சொல்லு” என்பார். அவர் போன பிறகு அந்தப் பாஷைக்கு “ம்” கொட்ட உலகத்தில் யாரும் இல்லை. வாய்க்குள்ளேயே வைத்திருந்து வைத்திருந்து அவளுக்குச் சில சொற்கள் மறக்கக்கூடத் தொடங்கியிருந்தன. அந்தப் பயம் பொல்லாத பயம்.

சோளக்குருவிகளிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசுவாள். கறுத்த தலையும் ரோசாப்பூ நிற உடம்புமாக ஐப்பசியில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் குருவிகள் அவை. அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறவை. அங்கே அவை வெட்டுக்கிளியைத் தின்னுகின்றன என்று தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள். இங்கே சோளத்தைத் தின்னுகின்றன என்று தகரத்தைத் தட்டி விரட்டுகிறார்கள். வெயில் ஏறும் காலத்தில் எல்லாம் ஆலமரத்தில் கூடிக் கத்திவிட்டு ஒருநாள் காணாமல் போய்விடும். ஊருக்குத்தான் போகின்றன என்று அவளுக்குத் தெரியும். பொறாமையாக இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம் மாசிக் கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வருடம் தனியாக உட்காருவதில்லை. யாரையாவது கூப்பிட்டுவிடுவது.

யாரை? கோரிப்பாளையத்துச் சொந்தங்களைக் கூப்பிட முடியாது. இதெல்லாம் நம் மார்க்கத்தில் இல்லையே, எதற்கு இது என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மிச்சம் தங்கப்பொண்ணுதான். தெற்கே முதல் குடிசைக்காரி. கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற வீரணனின் பெண்டாட்டி. களை எடுக்கிற வேலை இல்லாத நாட்களில் குல்நார் வீட்டுக்கு வந்து இலவம் பஞ்சில் கொட்டை பொறுக்கிக் கொடுப்பாள். வாய் ஓயாது. அவள் பேச்சில் பாதி குல்நாருக்கு விளங்காது. ஆனாலும் அவள் வந்துபோன நாளில் வீடு கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்கும்.

“தங்கம், வர்ற திங்களை விட்டு அடுத்த திங்கட்கிழமை உச்சிக்கு என் வீட்டுக்கு வா.”

“பஞ்சு வந்திருச்சாக்கா?”

“பஞ்சு இல்லை. சும்மா வா. வந்து உட்கார். போதும்.”

“சும்மா உக்காரவா? அம்புட்டுத்தானா?” என்று தங்கப்பொண்ணு சிரித்தாள். “வாரேன்க்கா. நல்லா வாரேன்.”

நான் தனியாக இருக்கிறேன், அந்த நேரத்தில் தனியாக இருந்தால் வருடம் முழுக்க இப்படியே போய்விடும், அதனால் வா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. கழுதைக்காரர் மகளுக்கு ராசா வீட்டு ரோசம். துணை வேண்டும் என்று கையேந்துவதற்குப் பதில் அவள் பட்டினிகூடக் கிடப்பாள்.

வேலை தொடங்கியது. வெண்கலத் தட்டில் ஈரத்துணி விரித்துக் கோதுமையைப் பரப்பினாள். உள் அறையில், வெயில் படாத இடத்தில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே போட்டு உதறிக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்தாள். புது வருடத்துக்கு முன்னால் வீட்டை உலுக்கி எடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். பங்குனியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறாள் பார் என்று வழியில் போன முனியாயி சிரித்துவிட்டுப் போனாள். இந்த முனியாயி தங்கப்பொண்ணின் நாத்தனார். ஊரில் ஒரு சேதி பிறந்தால் தொட்டில் கட்டுகிறவள் அவள்தான்.

கோதுமை நன்றாகவே முளைத்தது. விரற்கடை உயரம், பிறகு சாண் உயரம். சுற்றிலும் சிவப்புப் பட்டுக் கயிறு கட்டினாள். திங்கட்கிழமை காலையில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டை நடுவில் வைத்தாள். பின்னால் நிலைக்கண்ணாடி. இரண்டு பக்கமும் விளக்கு. அவர்கள் ஊரில் ஏழு பொருள் வைப்பார்கள். ஆப்பிளுக்கு அவள் எங்கே போவாள்? பூண்டு, இலந்தைப்பழம், புளி, ஒரு கிண்ணம் கோதுமைப் பாயசம் என்று கிடைத்ததை வைத்தாள். நர்கிஸுக்குப் பதில் சம்பங்கி. சாம்பிராணி போட்டாள்.

வருடம் பிறக்கும் நேரம் வருடத்துக்கு வருடம் கால் நாள் தள்ளிப்போகும் என்று தகப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார். போன வருடம் விடிகாலை. அப்படியானால் இந்த வருடம் உச்சிப்பொழுது. வெயில் ஏறியதும் கொல்லைப்பக்கம் குளிக்கப் போனாள்.

ஈரத் தலையோடு புதுத் துணியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் “யக்கா” என்று குரல் கேட்டது. குல்நார் சந்தோஷத்தில் ஊக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

“இரு தங்கம், வந்துட்டேன்.”

அவள் வாசலுக்கு வந்தபோது தங்கப்பொண்ணு தெருவில் போய்க்கொண்டிருந்தாள். நடக்கவில்லை, ஓடினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். குல்நார் கூப்பிட்டாள். காதில் விழுந்திருக்கும். நின்றபாடில்லை.

ஏதோ மறந்திருப்பாள், எடுத்துக்கொண்டு வருவாள் என்று குல்நார் வாசலிலேயே நின்றாள். ஓட்டு நிழல் சுருங்கிச் சுவரோடு ஒட்டியது. உச்சி வந்துவிட்டது என்று உள்ளே போனாள். விரிப்பில் உட்கார்ந்தாள். எதிரே இன்னொருத்திக்கு என்று போட்டிருந்த புதுத் தலையணை. கண்ணாடியில் விளக்கும், பச்சையும், அவள் முகமும் தெரிந்தன. அழக்கூடாது, இப்போது மட்டும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வருடம் பிறந்தது. கூட யாரும் இல்லை. பிறகு அழுதாள்.

மறுநாளாவது வந்து காரணம் சொல்லுவாள் என்று பார்த்தாள். வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பஞ்சு கொட்டையோடு கிடந்தது. அது மட்டுமா? அவள் வீட்டுப் பக்கம் வரும்போது பேசிக்கொண்டு வருகிற பெண்கள் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கண்மாய்க்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் ஆடுபுலி ஆடுகிற பிள்ளைகளை முனியாயி வந்து அதட்டி ஓட்டிக்கொண்டு போனாள். தெருவோடு வந்த நல்லகாமன் என்கிற சம்சாரி அவள் வீட்டைக் கண்டதும் மூஞ்சியை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார்.

ஒருநாள் விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

அது அவளுக்குத் தெரியும். மதுரையில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? வேப்பிலை செருகினால் அம்மை கண்ட வீடு, உள்ளே வராதே என்று அர்த்தம். மேலத்தெருவில் இரண்டு வீட்டில் அம்மை போட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தாள். நோய் கொண்டுவந்தவள் என்று தன் வாசலிலும் அடையாளம் வைத்துவிட்டார்கள். இத்தனை வருடம் இவர்கள் தலைக்குத் தலையணை தைத்துக் கொடுத்தவள், இன்றைக்கு இவர்களுக்கு ஆகாதவளாகிப் போனாள்.

மனசு விட்டுப்போயிற்று. போய்விடலாம் என்று முடிவு கட்டினாள். கோரிப்பாளையத்தில் அடுப்படி மூலையில் படுக்க இடம் கேட்கலாம். பாரசீகத்துக்குத் திரும்பலாம் என்றால் அங்கே மட்டும் யார் காத்துக் கிடக்கிறார்கள்? எஞ்சியது ஒரே ஒரு காரியம். வருடம் பிறந்த பதிமூன்றாம் நாள் முளைத்தட்டை வெளியே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். அதுவரை அந்த வீட்டுப் பீடை, நோய், கெட்ட கண் எல்லாவற்றையும் அந்தப் பச்சை உறிஞ்சி வைத்திருக்குமாம். வீட்டிலேயே வைத்திருந்தால் ஆகாது. விட்டுவிட்டு வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

பதிமூன்றாம் நாள் காலை. துணி மூட்டையைக் கட்டி வைத்தாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வாசலில் பெண்கள் நின்றார்கள். முன்னால் தங்கப்பொண்ணு. பக்கத்தில் முனியாயி, சம்சாரி வீட்டுச் சீனியம்மாள், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். தலை குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்திருந்தார்கள். தட்டைக் கண்டதும் முனியாயி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கண்மாய்க் கரை ஆலமரத்தில் இருந்த சோளக்குருவிகள் பயந்து கலைந்து பறந்தன.

குல்நாருக்கு ஒன்றும் ஓடவில்லை. கோபம்தான் முதலில் வந்தது.

“ஏன் வரவில்லை?” என்றாள் தங்கப்பொண்ணைப் பார்த்து. “நான் கூப்பிட்டேன். வாசலில் வந்து பார்த்துவிட்டு ஓடினாய். ஏன்?”

“யக்கா, கோவிச்சுக்கிறாத. அன்னைக்கு நா வந்தேன். உள்ள எட்டிப் பாத்தா ஆத்தாளுக்கு வளக்குற முளைப்பாரி. சிவப்புக் கயிறு, கண்ணாடி, வெளக்கு, சாம்பிராணி. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. காலையிலதான் கருவாட்டுக் கொழம்ப ஊத்திக் கஞ்சி குடிச்சிட்டு வந்திருக்கேன். அந்த வாயோட ஆத்தா இருக்குற எடத்துல நொழைய முடியுமா? முளை கருகிப்போனா யாரு பதில் சொல்றது?”

“முளைப்பாரியா?”

“வெள்ளையடிக்கும்போதே நெனச்சேன், இந்தக்கா என்னமோ நேந்திருக்குன்னு” என்றாள் முனியாயி. “ஊருல அம்ம போட்டுக் கெடக்குல்ல. ஊருக்காக நீங்க ஒத்தையில விரதம் இருக்குறீக. அதான் யாரும் தீட்டோட கிட்டப் போகக்கூடாது, பிள்ளைக சத்தம் போடக்கூடாதுன்னு நாந்தான் கட்டுப்பாடு பண்ணுனேன். ஆம்பளைக முளையப் பாக்கக்கூடாது, அந்தப் பக்கம் மூஞ்சியக் காட்டாதீகன்னும் சொல்லிப்புட்டேன். வேப்பல செருகி மஞ்சத்தண்ணி தெளிச்சதும் நாந்தான். இம்புட்டு நாளாச்சே, இன்னைக்குக் கரைச்சுருவீகன்னுதான் வந்து நிக்கிறோம்.”

“பாய் வீட்டம்மா முளைப்பாரி போடுமான்னு நாங் கேட்டேன்” என்றாள் சீனியம்மாள். “ஏன், நம்ம பிள்ளைக்குச் சொகமில்லைன்னா கோரிப்பாளையம் தர்காவுக்குத் தூக்கிட்டு ஓடலையா, அது மாதிரிதான்னு தங்கப்பொண்ணு சொல்லிப்புட்டா. சரிதானேன்னு இருந்துக்கிட்டேன்.”

குல்நார் தட்டைப் பிடித்தபடி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. இவர்கள் அவளை ஒதுக்கவில்லை. கும்பிட்டிருக்கிறார்கள். கும்பிட்டுக் கும்பிட்டே தனியாக விட்டுவிட்டார்கள். இதற்கு யாரைப் போய்த் திட்டுவது?

அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னாள். தெரிந்த தமிழில், தட்டுத் தடுமாறி, இது முளைப்பாரி இல்லை, எங்கள் ஊர் வருடப் பிறப்புக்கு வைக்கிற பச்சை என்றாள். வருடம் பிறக்கிற நேரத்தில் யாராவது கூட இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வருடம் முழுக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்றாள். அதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன் தங்கம் என்றாள்.

தங்கப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

“சொல்லியிருக்கலாமேக்கா” என்றாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாயக் கழுவிட்டாவது வந்து உக்காந்திருப்பேனே. பாவி நான். ஒன்னை ஒரு வருசத்துக்கு ஒத்தையில தள்ளிட்டேனே.”

“விடு. நேரம் போய்விட்டது. நான் இதைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கோரிப்பாளையம் போகிறேன்.”

உள்ளே கட்டி வைத்திருந்த மூட்டையைத் தங்கப்பொண்ணு அப்போதுதான் பார்த்தாள். குனிந்து குல்நாரின் கையிலிருந்த தட்டைப் பிடித்தாள்.

“தொடாதே” என்று குல்நார் பதறினாள். “அடுத்த வீட்டுப் பச்சையைத் தொடக்கூடாது. என் வீட்டுப் பீடை எல்லாம் இதில் இருக்கிறது. உன்னை ஒட்டும்.”

“ஒட்டட்டுமே. ஒருத்தி சொமந்தாத்தான் பீடை. இத்தன பேரு சொமந்தா ஆளுக்கு எம்புட்டு வந்துறப்போகுது?”

தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சற்றுத் தூரம் போனதும் முனியாயி வாங்கிக்கொண்டாள். பிறகு சீனியம்மாள். முளைப்பாரி இல்லை என்று தெரிந்த பிறகும் குலவையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. குலவை போடக் காரணம் எதற்கு?

வைகையில் அப்போது மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கண்மாய்த் தண்ணீர் கிடக்கிற தண்ணீர். ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்று குல்நார் சொன்னதும் தங்கப்பொண்ணு எல்லாரையும் நல்லகாமனின் தோட்டத்துக்குத் திருப்பினாள். வீரணன் அங்கே கமலை இறைத்துக்கொண்டிருந்தான். பெண்கள் கூட்டமாகத் தட்டோடு வருவதைக் கண்டதும் முளைப்பாரியைப் பார்த்துவிடுவோம் என்று பயந்து மாட்டின் பின்னால் ஒளிந்தான்.

“வெளிய வாங்க. இது வேற. நல்லா ரெண்டு சால் வேகமா எறைங்க” என்றாள் பெண்டாட்டி.

சால் கவிழ்ந்து வாய்க்காலில் தண்ணீர் குதித்து ஓடியது. குல்நார் பச்சையில் இரண்டு முளைத்தாளை எடுத்து முடிச்சுப் போட்டாள். மனசில் இருப்பதை நினைத்துக்கொண்டு போடுகிற முடிச்சு. வருடா வருடம் ஒரே வேண்டுதல்தான். பிறகு பச்சையை உரித்துத் தண்ணீரில் விட்டாள். அது சுழன்று சுழன்று போய்ச் சோளக் கொல்லைக்குள் மறைந்தது. இனி ஒன்றும் இல்லை என்று எழுந்தாள்.

“யக்கா” என்றாள் தங்கப்பொண்ணு. “ஒங்க ஊரு வருசந்தான் பொறந்து போச்சு. எங்க ஊரு வருசம் இன்னும் பொறக்கலையே.”

குல்நார் திரும்பிப் பார்த்தாள்.

“சித்திர மாசப் பொறப்பு வருதுல்ல. பொறக்குற நேரத்தப் பஞ்சாங்கத்துல போட்டிருப்பாக. இந்த மனுசனை விட்டுக் கேட்டு வரச் சொல்றேன். அதுவரைக்கும் இரு. அதுக்கப்புறம் போறதுன்னா போ.”

குல்நார் அன்றைக்கே மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

சித்திரை முதல் நாள் ஆம்பளைகள் எல்லாரும் வருடத்தின் முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டக் காலையிலேயே காட்டுக்குப் போய்விட்டார்கள். வெயில் ஏறும்போது தங்கப்பொண்ணு வந்தாள். இடுப்பில் ஒரு மண்சட்டி. அதில் சோளம் முளைத்து நின்றது. அவளே போட்டு வளர்த்தது.

வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள். “கருவாடு தின்னா வரலாமாக்கா?”

“வரலாம்.”

“நெசமாவா? நாத்தம் அடிக்குமே.”

“அடிக்கட்டும். உள்ளே வா.”

வெள்ளைத் துணி விரித்திருந்தது. கண்ணாடி, விளக்கு, சம்பங்கி. நடுவில் சட்டியை வைத்தார்கள். நிழல் வாசற்படியில் பாதியைத் தாண்டும்போது வருடம் பிறக்கிறது என்று வீரணன் கேட்டு வந்திருந்தான். தங்கப்பொண்ணு புதுத் தலையணையின்மேல் உட்காரக் கூச்சப்பட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப என்னக்கா செய்யணும்?”

“ஒன்றும் செய்யவேண்டாம். நல்ல வார்த்தை பேசவேண்டும்.”

“நீ பேசு.”

குல்நார் தமிழில் தேடினாள். நல்ல வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. பஞ்சும் தலையணையும் ‘நலமா’வும்தான் வந்தன. அப்புறம் தன்னை அறியாமல் வாய் திறந்தது. பாரசீகத்தில் பேசினாள். முதலில் நாக்கு முரண்டு பிடித்தது. வீட்டில் சொல்லுகிற வாழ்த்தைச் சொன்னாள். அப்புறம் நர்கிஸ் காட்டைச் சொன்னாள். வழி மறந்துபோய்ப் பனியில் நின்ற கழுதையை, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத தகப்பனைச் சொன்னாள். கோரிப்பாளையத்து வீட்டில் கடைசி நாள் தண்ணீர் கேட்ட ராவுத்தரைச் சொன்னாள். அதை அவள் இதுவரை யாரிடமும் எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை.

தங்கப்பொண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கழுதையும் தெரியாது, பனியும் தெரியாது. தலையணையைக் கட்டிக்கொண்டு, கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல், நிறுத்துகிற இடத்தில் எல்லாம் “ம்” கொட்டினாள்.

குல்நார் பேச்சை நிறுத்திவிட்டாள்.

“புரிந்ததா?” என்று தமிழில் கேட்டாள்.

“இல்ல” என்றாள் தங்கப்பொண்ணு. “நீ சொல்லு.”